ஏகாதசி இருந்த முயலும் எஸ்தர் டீச்சரும்

காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் ஒரு லாரி வந்து நின்றது. எங்கள் கோயில் தெருவுக்குள் லாரி நுழையாது. டிரைவர் இறங்கி, வீடு வீடாக விசாரித்துக்கொண்டு வந்து என் வாசலில் நின்றார். எளாவூர் செக்போஸ்டிலிருந்து வருவதாகச் சொன்னார். அங்கே லாரி புக்கிங் ஆபீசில் இருக்கும் தேவசகாயம் சொல்லி அனுப்பினாராம். தேவசகாயம் எஸ்தரின் அண்ணன். அந்தப் பெயர் காதில் விழுந்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. இருந்தாலும் அவர் வாயால் சொல்லட்டும் என்று நின்றேன்.

“எஸ்தரம்மா பூட்டாங்கம்மா. உங்களாண்ட மொதல்ல சொல்லச் சொன்னாரு அண்ணன்” என்று சொல்லிவிட்டு அவர் மடித்துக் கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார். நாஷ்டா ஆயிற்றா என்று அவரைக் கேட்டேன். அந்த நேரத்தில் எதற்கு அதைக் கேட்டேனோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் அவர் முன்னாலேயே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பள்ளிக்கூட மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். ‘அவர்’ என்று மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டு வரிக்கு மேல் ஓடவில்லை. எஸ்தர் எனக்கு என்றைக்கும் ‘அவள்’தான். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். மரியாதை போதவில்லை என்கிறவர்கள் மலரில் மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் படித்த பெண்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவளுக்குப் ‘புழுக்கை டீச்சர்’ என்று பட்டப்பெயர் வைத்தது உங்களில் யார் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதைக் கேட்டு ஆசிரியர் அறையில் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். விஞ்ஞானக் கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அவள் முயல் கூண்டு வைத்திருந்தாள் அல்லவா? பிரார்த்தனை மணி அடிப்பதற்கு முன்னால் உங்களைக் கூண்டுக்குக் கீழே குனிய வைத்துப் புழுக்கையைப் பார்க்கச் சொல்லுவாள். உருண்டையாக, பெரிதாக, உதிரியாக, நிறைய இருந்தால் நல்லது. மிளகு மாதிரி சிறுத்துப்போனாலோ, குறைந்துபோனாலோ அன்றைக்குப் பாடத்தைவிட அதுதான் முக்கியம். “முயல் தன் வலியைச் சொல்லாது, அதன் புழுக்கை சொல்லும்” என்று நீங்கள் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

வகுப்பில் அப்படி அச்சடித்த தமிழ் பேசுகிறவள் என்னிடம் மட்டும் ஊர்ப் பேச்சு பேசுவாள். எளாவூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் கூலி வாங்கினவர்கள். மிஷன் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, பி.எஸ்ஸி., பி.டி. முடித்துத் திருவள்ளூருக்கு வேலைக்கு வந்தாள். நான் தமிழ், அவள் விஞ்ஞானம். ஆசிரியர் அறையில் எங்கள் நாற்காலிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அப்படித்தான் ஆரம்பித்தது.

ஒரு நாள் எங்கள் தலைமையாசிரியை கூண்டுப் பக்கம் போனபோது ஒரு முயல் குனிந்து தன் பின்புறத்திலேயே வாயை வைத்து எதையோ தின்றதைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான், முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து, அந்த அசிங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். எஸ்தர் பதறவில்லை. முயல் போடுவது இரண்டு விதம் என்றாள். நாம் கூண்டுக்கடியில் பார்க்கிற உலர்ந்த புழுக்கை ஒன்று. சின்னத் திராட்சைக் கொத்து போல மெத்தென்று வருவது இன்னொன்று; அதை அது கீழே விழவிடாமல் அப்படியே தின்றுவிடும். அதில்தான் சத்து இருக்கிறது, அதைத் தடுத்தால் முயல் மெலிந்துபோகும் என்றாள். பசு அசைபோடும்போது நாம் மூக்கைப் பிடித்துக்கொள்கிறோமா என்று கேட்டாள். தலைமையாசிரியை சிரித்துவிட்டார். கூண்டு தப்பியது. அந்தக் கூண்டிலிருந்துதான் ஒரு குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

அது ஏன் வந்தது என்று சொல்லாமல் மேலே எழுத முடியாது.

என் மூத்த பெண் ரங்கநாயகிக்குப் பின்னால் எனக்கு ஒரு பிள்ளை இருந்தான். வரதன். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தான். ஒரு கோடையில் அவனுக்குப் பேதி கண்டது. எங்கள் வீட்டில் வயிற்றுக் கோளாறு என்றால் முதல் வைத்தியம் லங்கணம், அதாவது பட்டினி. பெரியவர்களுக்கு அப்படித்தான், குழந்தைகளுக்கும் அப்படித்தான். ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்பது எங்கள் மாமியார் வாயில் சுலோகம் போல வரும். வந்து பார்த்த வைத்தியரும் பாலை நிறுத்து, தண்ணீரையும் நிறுத்து, உள்ளே போனால்தானே வெளியே போகும் என்றார். எல்லோரும் அவனுடைய நல்லதுக்குத்தான் சொன்னார்கள். சமையலறையில் டம்ளர் சத்தம் கேட்டால் குழந்தை அந்தப் பக்கம் தலையைத் திருப்பினான். பிறகு திருப்புவதையும் விட்டுவிட்டான்.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

ரங்கா அதற்குப் பிறகு சரியாகச் சாப்பிடவில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பாள். எஸ்தர் இதைக் கேட்டு ஒரு வெள்ளைக் குட்டியைக் கூடையில் வைத்து என்னிடம் கொடுத்தாள். கூடவே கட்டளைகளும் கொடுத்தாள். புல்தான் சாப்பாடு. அருகம்புல், காய்ந்த புல், எந்நேரமும் அதன் முன்னால் இருக்கவேண்டும். கல்யாண முருங்கை இலை கொஞ்சம் போடலாம். அரிசி, பிஸ்கோத்து, வெல்லம் கூடவே கூடாது. புதிதாக எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவேண்டும். தண்ணீர்ச் சட்டி காயக்கூடாது. ரங்கா அதற்கு மல்லி என்று பெயர் வைத்தாள். மல்லி புல் தின்னும்போது அவளும் எதிரே உட்கார்ந்து தட்டைக் காலி செய்தாள். அந்தக் குட்டிக்கு ஏதாவது ஆனால் என் பெண்ணையும் இழந்துவிடுவேன் என்ற பயம் எனக்கு அன்றிலிருந்தே ஆரம்பித்துவிட்டது.

ஒரு மார்கழியில் கோயிலிலிருந்து சர்க்கரைப் பொங்கல் வந்தது. என் கணவருக்குக் கோயிலில்தான் கைங்கரியம். பெருமாள் பிரசாதத்தை எந்த ஜீவனுக்கும் இல்லை என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். காக்கைக்கு உண்டு, எறும்புக்கு உண்டு, பசுவுக்கு உண்டு. மல்லிக்கு மட்டும் இல்லையா என்று மாமியாரே ஓர் உருண்டை வைத்துவிட்டார். அது நக்கி நக்கித் தின்றதாம். மறுநாள் ஏகாதசி. காலையில் மல்லி புல்லைத் தொடவில்லை. மாமியாருக்குப் பரவசம். “பாத்தியோ, பிரசாதம் உள்ள போனதும் ஞானம் வந்துடுத்து. ஏகாதசி உபவாசம் இருக்கு பாரேன்!” என்றார். பக்கத்து வீட்டு மாமிகள் வந்து பார்த்தார்கள். ஒருத்தி அதன் முன்னால் துளசி வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நானும் ஒரு நிமிஷம் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

ரங்காதான் சிரிக்கவில்லை. அவள் கூண்டுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, புழுக்கையே இல்லை” என்றாள். போய்ப் பார்த்தேன். மல்லி மூலையில் உடம்பைக் கூன் போட்டுக் குந்தியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கிட்டே காதை வைத்தால் பல்லை நறநறவென்று கடிக்கும் சத்தம் கேட்டது. மாமியாரிடம் சொன்னேன். வயிறு மந்தமாக இருக்கும், பட்டினி போட்டால் தானே சரியாகிவிடும் என்று அந்தச் சுலோகத்தைச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன் ரங்கா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அந்தச் சொல் அந்த வீட்டில் முன்பு எப்போது சொல்லப்பட்டது என்று குழந்தைக்கு நினைவிருந்தது. நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எஸ்தர் குடியிருந்த இடத்துக்கு ஓடினேன்.

எஸ்தர் எங்கள் வீட்டுக்குள் வரமுடியாது. இதை மூடி மறைத்து எழுத எனக்கு மனமில்லை. கொல்லைப்புறச் சந்து வழியாக வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். மல்லியை மடியில் வாங்கிக் காதுகளைத் தொட்டுப் பார்த்தாள், சில்லிட்டிருந்தன. வயிற்றில் தன் காதை வைத்துக் கேட்டாள். “சத்தமே இல்லக்கா. கொடலு நின்னுக்கினு இருக்குது. இத்தப் போய் பட்டினி போடுவாங்களா? முயலுக்கு வயிறு காலியாச்சுன்னா கத முடிஞ்சுது” என்றாள். மாமியார் சமையலறை ஜன்னலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வயிறு மத்தளம் மாதிரி விறைத்திருந்தால் தொடவே கூடாது, நேராக மாட்டாஸ்பத்திரிதான் என்றாள். இது அப்படி விறைக்கவில்லை. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். அருகம்புல்லையும் கல்யாண முருங்கை இலையையும் மை போல அரைத்துத் தண்ணீரில் கரைத்துக் கொண்டுவரச் சொன்னாள். வாயோரத்தில் விட மூக்குள்ள சின்னப் பாத்திரம் ஏதாவது உண்டா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்து வீட்டில் ஒன்றுதான் இருந்தது. பெட்டியைத் திறந்து வரதனுடைய பாலாடையை எடுத்து வந்தேன். அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பக்கவாட்டில், பல்லுக்குப் பின்னால், துளித் துளியாக விட்டாள். அவசரப்பட்டு ஊற்றினால் நெஞ்சுக்குள் இறங்கிவிடும், அது விழுங்கியபின்தான் அடுத்த துளி என்று ரங்காவுக்குக் காட்டிக்கொண்டே விட்டாள். நடுநடுவே விரல் நுனியால் வயிற்றை மெல்லத் தடவினாள். கொஞ்ச நேரம் கொல்லையில் இறக்கிவிட்டு நாலடி நடக்க வைத்தாள். மறுபடி மடியில் போட்டுக்கொண்டாள். “சாயங்காலத்துக்குள்ள ஒரு புழுக்கையாவது போடணும். இல்லன்னா டாக்டராண்ட தூக்கினு போயிடுவோம். நம்ம கை வைத்தியம் அதுக்கு மேல செல்லாது” என்று என்னிடம் சொன்னாள். அன்றைக்கு அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அன்று வெந்நீருக்குத் தவிர அடுப்பு மூட்டவில்லை. சமைத்திருந்தாலும் அவளுக்குக் கொல்லையில்தான் இலை போட்டிருப்பார்கள்.

வெயில் சாயும்போது ரங்கா கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மடி ஆசாரம் எதுவும் பார்க்காமல் நேரே மாமியார் முன்னால் போய் உள்ளங்கையை விரித்தாள். “பாட்டி, போட்டுடுத்து!” என்றாள். கையில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புழுக்கை. ஏகாதசியும் அதுவுமாகச் சமையலறைக்குள். மாமியார் திட்டுவார் என்று ஓடினேன். அவர் திட்டவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். மல்லி மறுநாள் தானாகப் புல்லை எடுத்தது. ரங்கா அன்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பட்டினி போட்டிருந்தால் முயல் செத்திருக்கும், ஊட்டியதால் பிழைத்தது. அப்படியானால்? இந்தக் கேள்வி என்னை அரித்துத் தின்றது. எஸ்தர் மல்லியைப் பார்க்க மறுபடி வந்தபோது துவைக்கிற கல்லருகே வைத்துக் கேட்டுவிட்டேன். “ஏண்டி எஸ்தர், வரதனுக்கும் கொடுத்திருந்தா இருந்திருப்பானா?” அவள் என் தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்தாள். அப்புறம் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். “முயலு வேறக்கா, கொழந்த வேற. கொழந்தைக்கு லங்கணம் போட்டது சரிதான். அது வியாதி அப்படி. யாரு இன்னா பண்ணியிருந்தாலும் நின்னிருக்காது.”

விஞ்ஞான டீச்சர் சொன்னாள். நான் நம்பினேன். அன்று ராத்திரி தூங்கினேன். வரதன் போனதிலிருந்து அப்படித் தூங்கியதில்லை.

அதற்குப் பிறகு மல்லிக்கு வைத்தியம் பார்த்த புகழ் ஊர் ஊராகப் பரவி, முயலும் கையுமாக ஆட்கள் அவளைத் தேடிவந்ததும், அவள் பேஜாராகிப்போச்சு என்று சிரித்துக்கொண்டே அத்தனை பேரையும் உட்காரவைத்துப் பேசியதும் உங்களுக்குத் தெரியும். சோழவரத்திலிருந்து ஒரு பெண் அழுதுகொண்டு வந்தாள். தீனி மாறவில்லை, ஆனால் முயல் சாப்பிடவில்லை. எஸ்தர் துருவித் துருவிக் கேட்டதில், அங்கே மோட்டார் ரேஸ் நடக்கிறது, சத்தம் வீட்டுச் சுவரையே அதிர வைக்கிறது என்று தெரிந்தது. பயந்தாலும் முயலுக்குக் குடல் நின்றுவிடும் என்று சொல்லி, ரேஸ் முடியும்வரை அதை உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் விடச் சொன்னாள். பால்குடி மாறாத குட்டிக்கு நீராகப் போனால் மட்டும் தன்னிடம் வரவே கூடாது, ஓடு ஆஸ்பத்திரிக்கு என்று விரட்டுவாள். தனக்குத் தெரியாததைத் தெரியும் என்று அவள் சொன்னதேயில்லை.

தன் அம்மா படுக்கையில் விழுந்ததும் எஸ்தர் மாற்றல் வாங்கிக்கொண்டு கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்விட்டாள். என் மாமியார் காலமானபோது வந்திருந்தாள். அப்போதும் கொல்லை வழியாகத்தான் வந்தாள். நான் கையைப் பிடித்து வாசல் வழியாகக் கூட்டிப்போனேன். அதைத் தடுக்க இனி வீட்டில் யாரும் இல்லை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பள்ளிக்கு ஒரு ஹெல்த் நர்ஸ் வந்து பேசினாள். சின்னப் பெண். பேதியாகிற குழந்தைக்குக் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து விடாமல் கொடுக்கவேண்டும், பாலையும் சோற்றையும் நிறுத்தவே கூடாது என்றாள். தண்ணீரை நிறுத்துவதால்தான் குழந்தைகள் சாகின்றன என்று, மழை வந்தால் குடை பிடியுங்கள் என்பது மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பெண்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கிடைத்த பஸ்ஸில் எளாவூர் போனேன். சண்டை போடத்தான் போனேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவள் படுக்கையில் கிடந்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். ஆறு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்வந்திருக்கிறாள். வீட்டுக்கு வெளியே தொழிற்பேட்டைக்கு நிலம் அளக்கிறவர்கள் சங்கிலியை இழுத்துக்கொண்டு போனார்கள். தேவசகாயத்தின் மகள் கஞ்சிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு நைனாவைக் கூப்பிடப் போனாள். நான் ஸ்பூனால் ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள், போதும் என்று தலையசைத்தாள்.

“தெரிஞ்சுதான் சொன்னியா?” என்று கேட்டேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

“தெரியும்கா” என்றாள். “எங்கம்மா நடவு இல்லாத நாள்ல மிஷன் ஆஸ்பத்திரில கூட்டிப் பெருக்கினு இருந்தாங்க. அங்க தண்ணி ஏத்தித்தான் கொழந்தைங்கள எழுப்புவாங்க. சின்னதுலயே பார்த்திருக்கேன்.” மூச்சு வாங்கியது. “நீங்க கேக்கும்போது உங்க மாமியாரு பின்னாடி கதவுல நின்னுக்கினு இருந்தாங்க. நீங்க பாக்கல. கதவப் புடிச்சிக்கினு நின்னாங்க, விழுந்துடுவாங்க போல. நான் நெசத்தச் சொல்லியிருந்தா அந்தம்மா அன்னிக்கே செத்துருக்கும். நீங்களும் அவங்க கையால ஒரு வாய் சோறு துன்னிருக்க மாட்டீங்க. ரங்கா எப்படிக்கா வளரும் அந்த ஊட்ல?”

என்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னாள் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தேன். தன்னைத் துவைக்கிற கல்லோடு நிறுத்தி வைத்த கிழவிக்காகச் சொல்லியிருக்கிறாள். அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அதுதான் நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது.

அவளிடம் படித்தவர்களே, அவள் உங்கள் நோட்டுகளில் தப்பான விடை ஒன்றைக்கூட அடிக்காமல் விட்டதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்து அவள் வாயால் தப்பாகச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நம்பி என் மாமியார் பேத்தியை மடியில் வைத்துச் சோறு ஊட்டினார், நிம்மதியாகக் கண்ணை மூடினார். அதை நம்பி நான் அவரை அம்மா என்று கூப்பிட்டேன், கடைசிவரை. இன்றைக்கு எனக்கு உண்மை தெரியும். இருந்தாலும் எஸ்தர் சொன்ன அந்தத் தப்பை நான் திருத்த மாட்டேன். அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.